செல்வென் தொடாத ஃபைல்கள்

1

காலையில் ஆபீஸைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். நடுவில் வெள்ளை எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி: சிஸ்டம் ஃபைல்கள் மாறியிருக்கின்றன, தொடரலாமா? நான் ஒரு விசையைத் தட்டுவேன். சிவப்பு போய் வழக்கமான கறுப்பு வரும். வேலை ஆரம்பமாகும். ஒரு வருடமாக எனக்கு இப்படித்தான் பொழுது விடிகிறது.

போன வாரம் இங்கே தைப்பூசம். மொரீசியஸில் அன்றைக்கு நாடு முழுக்க அரசாங்க விடுமுறை என்று ஊருக்கு எழுதினால் அம்மா நம்பமாட்டாள். "அங்க ஏதுடா பூசம்?" என்று பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் பதில் எழுதச் சொல்வாள். ஆனால் உண்மை. ஃபாக்டரி மூடியிருந்தது. நான் தெற்கே ரிவியேர் தே ஸாங்கீய் கிராமத்துக்குக் காவடி பார்க்கப் போனேன். பார்க்க மட்டும் போகவில்லை, ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் போனேன். சொன்னேன். அது என்ன ஆனது என்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் சிவப்புத் திரை முதன்முதலில் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

2

நான் வேலை பார்ப்பது ரோஸ் ஹில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்வெட்டர் ஃபாக்டரியில். வேர்வை ஊற்றும் இந்தத் தீவில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாக்காரன் குளிருக்கு ஸ்வெட்டர் பின்னுகிறோம். பின்னல் ஹாலில் பெண்கள் வந்தபடியும் போனபடியும் இருப்பார்கள். கடற்கரையில் புது ஹோட்டல் ஒன்று திறந்தால் எங்கள் ஹாலில் ஒரு வரிசை காலியாகும். ஆள் குறையக் குறைய, பாரிஸில் இருக்கும் தலைமை அலுவலகம் கம்ப்யூட்டர்களை அனுப்பியது. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஈரோட்டிலிருந்து என்னை ஒரு ஏஜென்ட் அனுப்பினார்.

என் அப்பா சாயப்பட்டறையில் இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஆறாவது படிக்கும்போது, ஒரு முறை நூல் முழுக்க மங்கலாக வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் உப்பேறிவிட்டது என்று அப்பா சொன்னார். முதலாளி அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. உன் கை சரியில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியல. படிச்சவன் சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்க" என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஒரு விஷயத்துக்குக் காரணம் என்னவென்று கண்டுபிடித்து, அதைச் சரியாக எடுத்துச் சொன்னால், கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

இங்கே வந்து இறங்கியதும் முதலில் போனது பேச்சு. கம்ப்யூட்டர் ஆங்கிலம் பேசும், மேனேஜர் பிரெஞ்சு பேசுவார், மற்ற எல்லோரும் க்ரியோல். குடியேற்ற அலுவலகத்தில் ஒரு ஜன்னலில் பிரெஞ்சில் கேள்வி, அடுத்த ஜன்னலில் ஆங்கிலத்தில் அதே கேள்வி. இரண்டுக்கும் நான் தலையாட்டியதில் என்னைத் திரும்ப முதல் ஜன்னலுக்கே அனுப்பினார்கள். வந்த புதிதில் மேனேஜருக்கு நன்றி சொல்வதாக நினைத்து, "மோ கோந்தான் ஊ" என்று சொல்லிவைத்தேன். நான் உங்களைக் காதலிக்கிறேன் என்கிற மாதிரி அர்த்தமாம். பின்னல் ஹால் பெண்கள் ஒரு மாதம் என்னை அதே வார்த்தை சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அப்போது என் பக்கத்தில் வந்து நின்றவர் செல்வென். நம் ஊரில் செல்வன் என்போம், இங்கே செல்வென். இவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள். இவர் பின்னல் மெஷினுக்கு எண்ணெய் போடும் ஆளாக ஃபாக்டரிக்கு வந்து, தானே தட்டித் தட்டிப் பழகி, கம்ப்யூட்டர் அறைக்கு ஏறியவர். அவர் குடும்பத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். எங்களுக்குள் இருந்த முழுத் தமிழ் அந்த இரண்டு வார்த்தைதான். மீதியெல்லாம் ஒட்டுப்போட்டது. அவரிடம் கோயில் தமிழும் சமையல் தமிழும் உண்டு. என்னிடம் பஸ்ஸில் கற்ற க்ரியோல். நடுவில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதை வைத்துப் பேசிக்கொள்வோம்.

3

போன வருடம் பூசத்துக்கு முன்னால் புயல் வந்தது. இரண்டு நாள் மின்சாரம் இல்லை. கம்ப்யூட்டர்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றி மேஜைமேல் ஏற்றிவைத்திருந்தோம். சனிக்கிழமை கரண்ட் வந்தது. எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பிறகு நானும் செல்வென் அண்ணனும் குடோனுக்குப் போய், நனைந்த அட்டைப்பெட்டிகளைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தோம். மதியம் சங்கு ஊதியது. எல்லோரும் போன பிறகு அவர் என் கையைப் பிடித்து கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

காவடி நோட்டீஸ் அடிக்கத்தான். அவர் ஊர்க் கோயிலில் வருடா வருடம் நோட்டீஸ் பிரெஞ்சில்தான் வரும். முருகன் பெயர்கூட ரோமன் எழுத்தில். இந்த முறை தமிழ் எழுத்தில் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. என்னிடம் சென்னை நண்பன் கொடுத்த ஒரு டிஸ்க் இருந்தது. அதைப் போட்டால் திரையில் தமிழ் எழுத்து வரும்.

"என் பொண்ணு படிக்கும் தம்பி. எல்லார் முன்னாடியும் நின்னு படிக்கும்" என்றார்.

அவர் மகள் தெவினாவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்திருந்தாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி எதையும் படித்துவிடுவாள், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. அப்பாவுக்கு அர்த்தம் கொஞ்சம் தெரியும், ஓர் எழுத்தும் தெரியாது. அவள் படிக்க, அவர் கேட்டு, "ஆ, அது கொடியேத்தம்! அது பால்குடம்!" என்று கத்துவார். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு வாசகர்.

பாரிஸ் அனுப்பாத எந்த டிஸ்க்கையும் மெஷினில் போடக்கூடாது என்று உத்தரவு உண்டு. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் ஹாலில் ஒவ்வொருவரும் கேம்ஸ் கொண்டுவருவார்கள், பாட்டு வரிகள் அடிப்பார்கள். நாங்கள் ஒரு பக்க நோட்டீஸ் அடித்தோம். மெஷினின் நினைவில் எதையும் ஏற்றவில்லை. டிஸ்க்கிலிருந்தே ஓட்டி, அச்சடித்து, டிஸ்க்கை உருவிக்கொண்டு வந்துவிட்டோம். பிரிண்டர் ஊசி கரகரவென்று "காவடி" என்று குத்திக்கொண்டு போனபோது செல்வென் அண்ணன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் தாளைத் தொட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஹால் முழுக்க அந்தத் தாள் சுற்றியது. அவரேதான் காட்டிக்கொண்டு திரிந்தார். "ஆர்டினாத்தேர் தமிழ் பேசுது!" என்று பெண்கள் கைதட்டினார்கள். கம்ப்யூட்டருக்கு இங்கே அதுதான் பெயர்.

அதே காலையில்தான் திரை சிவந்தது.

4

பாரிஸ் அனுப்பியிருந்த காவல் புரோகிராம் அது. மெஷினில் ஏற்றிய முதல் நாளில், அதன் உயிர்நாடியான சிஸ்டம் ஃபைல்கள் ஒவ்வொன்றையும் அளந்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு தினமும் காலையில் அளந்து பார்க்கும். இம்மி மாறியிருந்தாலும் சத்தம் போடும். அதன் முடிவை அச்சடித்து தினமும் பாரிஸுக்கு ஃபேக்ஸ் செய்ய வேண்டும். அன்றும் வழக்கம்போல் போனது. மதியத்துக்குள் பாரிஸிலிருந்து போன். இங்கிருந்து எந்த ஆர்டர் விவரமும் அனுப்பக்கூடாது, இது யார் வேலை என்று தெரியும்வரை உங்கள் ஃபைல் எதையும் வாங்கமாட்டோம் என்றார்கள். துறைமுகத்தில் எங்கள் சரக்குக்குக் கப்பல் காத்துக்கொண்டிருந்தது.

முசியே ஜெரார், எங்கள் மேனேஜர், என் மேஜை அருகில் வந்து நின்றார். உரக்கப் பேசமாட்டார். நல்ல மனிதர்தான், இன்றைக்கும் சொல்வேன். என் பெயர் கந்தசாமி அவர் வாயில் கன்டா என்று ஆகிவிடும்.

"கன்டா, கி பாஸே? என்ன நடந்தது?"

"பார்க்கிறேன் முசியே."

பார்த்தேன். மெஷினோடு வந்த அசல் டிஸ்க்குகளை அலமாரியிலிருந்து எடுத்து, அவற்றில் இருக்கும் ஃபைலையும் மெஷினில் இருக்கும் அதே ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாறியிருந்த ஒவ்வொரு ஃபைலும் ஒரே அளவுக்குப் பருத்திருந்தது. வைரஸும் அப்படித்தான் செய்யும், ஃபைலின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தமிழ் டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். மூலையில் கிடந்த பழைய மெஷினில் அதைப் போட்டு, நோட்டீஸை முதலிலிருந்து திரும்ப அடித்து, முன்னும் பின்னும் அளந்தேன். ஒன்றும் மாறவில்லை. இன்னொரு தடவை செய்தேன். மாறவில்லை.

அப்புறம் அந்த வாலையே திறந்து பார்த்தேன். எண்களாகத்தான் தெரியும், ஆனால் ஓரத்தில் எழுத்துகளும் வரும். அங்கே ஒரு பெயர் இருந்தது. ரோஸ் ஹில் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் விற்கிற ஒருவர் எங்களுக்குப் போட்டுக்கொடுத்திருந்த வேறொரு காவல் புரோகிராமின் பெயர். பாரிஸுடையது வருவதற்கு முன்பிருந்தே அது மெஷினில் சும்மா கிடந்தது.

கடைக்குப் போன் செய்தேன்.

"ஆமாம், சனிக்கிழமை காலையில் வந்தேனே! நீங்கள் குடோனில் இருந்தீர்கள் என்றார்கள். புயலுக்குப் பிறகு மெஷினைப் பார்க்கச் சொல்லி உங்கள் முசியேதான் கூப்பிட்டார். பழையதை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டிருக்கிறேன். அருமையான சரக்கு! எல்லா ஃபைலுக்கும் தடுப்பூசி போட்டுவிடும்."

அந்தத் தடுப்பூசிதான் வால். ஒரு காவல்காரன் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். காலையில் வந்த இன்னொரு காவல்காரன், கதவு மாறிவிட்டது, திருடன் திருடன் என்று கத்துகிறான். திருடனே இல்லை. எதுவும் திருடு போகவில்லை.

உட்கார்ந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன். காரணம் கிடைத்துவிட்டது, எடுத்துச் சொல்லவும் தெரியும் எனக்கு. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி முசியே ஜெராரிடம் கொடுத்தேன்.

அவர் நின்றபடியே படித்தார். பிறகு போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை நான் பாரிஸுக்கு அனுப்ப முடியாது" என்றார்.

"ஏன் முசியே?" என்றேன்.

"அந்தப் பழைய புரோகிராமை எடுத்துவிட்டேன் என்று பாரிஸுக்குச் சொல்லியிருக்கிறேன் கன்டா. நீ வருவதற்கு முன்னால். கடைக்காரரை உள்ளே விட்டது நான் என்று நானே எழுதி அனுப்பச் சொல்கிறாயா?" நான் எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "அவர்கள் காரணம் கேட்கவில்லை. பெயர் கேட்கிறார்கள். ஹால் முழுக்க ஒரு தமிழ்த் தாள் சுற்றுகிறதே, அது எந்த மெஷினில் அடித்தது?"

5

மறுநாள் காலையில் விசாரணை என்று ஆனது. அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் செல்வென் அண்ணனைப் பிடித்தேன். நிறுத்தத்தில் ஹால் பெண்கள் இரண்டு பேர் முந்தானையால், ஸ்கார்ஃபால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அயோ, தள்ளி நில்லு, வைரஸ் வருது!" என்று சிரித்தார்கள். அவரும் இருமிக் காட்டினார். அவருக்கு அப்போதும் இது விளையாட்டுத்தான்.

"இல்லைன்னு சொல்லிடுங்க அண்ணா. டிஸ்க் போடலைன்னு சொல்லுங்க. வெளியே எங்கயோ அடிச்சோம்னு சொல்லுங்க. யாரும் பார்க்கல. நீங்க இல்லைன்னு சொல்லிட்டா அவரால எதுவும் எழுத முடியாது."

அவர் சட்டைக் கையைத் தூக்கி மணிக்கட்டைக் காட்டினார். மஞ்சள் கயிறு. முந்தின நாள் கொடியேற்றத்தில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். இங்கே காவடி விரதம் என்றால் பத்து நாள். கறி மீன் கிடையாது, தோல் செருப்பு கிடையாது, தரையில்தான் படுக்கை. சண்டை கிடையாது. பொய் கிடையாது.

"காப்பு இருக்கு தம்பி. பொய், பா கப்பாவ்."

முடியாது என்று அர்த்தம்.

"காப்பு அவுத்தப்புறம் கேட்டா?"

"அப்ப சொல்லலாம்" என்று பல்லைக் காட்டினார். "முசியே ஜெரார் பூசம் வரைக்கும் பொறுப்பாரா, நீ கேளு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க வேலை போயிடும் அண்ணா. கம்ப்யூட்டரைக் கெடுத்தவர்னு பேர் வந்தா வேற எந்த ஆபீஸும் சேர்க்காது."

"பே, கி பூ ஃபேர்?" என்றார். என்ன செய்றது, சொல்லு. இந்த நாட்டில் மழைக்கும் இதைத்தான் சொல்வார்கள், சாவுக்கும் இதைத்தான்.

விசாரணை நீளமாக இல்லை. முசியே ஜெரார் கேட்டார், செல்வென் அண்ணன் நின்றார், நான் ஓரத்தில் நின்றேன்.

"சனிக்கிழமை டிஸ்க் போட்டாயா?"

"வீ, முசியே." ஆமாம் என்றார்.

"அனுமதி வாங்கினாயா?"

"நோன், முசியே."

"டிஸ்க் யாருடையது?"

அவர் பேசவில்லை. பொய் சொல்லக்கூடாது என்றுதான் விரதம், பேசாமல் இருக்கக்கூடாது என்று இல்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"என்னுடையது" என்றேன் நான். "டிஸ்க் என்னுடையது, அடித்ததும் நான்தான். ஃபைல்கள் மாறியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்."

முசியே ஜெரார் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. காது கேளாத மனிதரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நீ இப்போது எதுவும் சொல்லவில்லை, கன்டா."

"சொன்னேன் முசியே."

"சொல்லவில்லை. உன்னை அனுப்பிவிட்டால் இந்த மெஷினை யார் பார்ப்பது? இன்னொருவனுக்குப் பெர்மிட் வாங்கி இந்தியாவிலிருந்து கொண்டுவருவதற்குள் ஃபாக்டரியை மூடவேண்டியதுதான். எனக்கு அது கேட்கவில்லை."

அப்பா சொன்னதில் ஒரு பாதியை அப்போதுதான் புரிந்துகொண்டேன். படித்தவன் சொன்னால் கேட்பார்கள் என்றில்லை. என் படிப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நான் சொல்வது தேவைப்படவில்லை.

பாரிஸுக்குப் பெயர் போனது. கப்பல் போனது. செல்வென் அண்ணன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, ஏசி அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார். கதவைச் சாத்துங்கள், குளிர் வெளியே போகிறது என்று எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தவர் அவர்தான்.

6

அதன் பிறகு தினமும் போகும் ஃபேக்ஸ் தாளைப் பாரிஸில் யாரும் படிப்பதில்லை என்று நினைக்கிறேன். பெயர் கிடைத்துவிட்டதல்லவா. கடைக்காரரின் புரோகிராம் இன்னும் மெஷினில்தான் இருக்கிறது. பாரிஸுடையதை மறுபடி அளக்கச் சொல்லிப் பழக்க வேண்டுமென்றால் பாரிஸ் ரகசிய வார்த்தை தரவேண்டும். அதைக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் முசியே ஜெரார் கேட்பதில்லை. நானும் தினமும் விசையைத் தட்டுகிறேன். என் பெர்மிட்டுக்கு அவரே கையெழுத்துப் போட்டு, ஓட்டுநரை அனுப்பி, புதுப்பித்துக்கொடுத்தார். இந்த முறை எந்த ஜன்னலிலும் நிற்கவில்லை.

பாரிஸுக்கு நானே ஒரு கடிதம் போட்டேன். மேனேஜர் வழியாக அனுப்பவும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். வேலை போனவர்தான் வரவேண்டும் என்றார்கள். அவரைக் கூப்பிட்டேன். "விடு தம்பி" என்றார்.

அவர் நாலைந்து ஆபீஸ் ஏறி இறங்கினார். ரோஸ் ஹில் சின்ன ஊர், பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு ரிவியேர் தே ஸாங்கீய்க்கே போய்விட்டார்கள். இப்போது தெற்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறார். படுக்கை விரிப்புகள். கைத்தோல் உரிந்திருக்கிறது. அவர் மனைவி பார்வதி அக்கா என்னிடம் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அது இன்னும் கஷ்டம்.

தெவினா தமிழை விட்டுவிட்டாள். "ஏம்மா?" என்று கேட்டேன். தமிழ் எழுத்துப் போட்டால் ஆர்டினாத்தேர் செத்துப்போகும், உங்க அப்பாவுக்கு வேலை போன மாதிரி ஆகும் என்று வகுப்பில் பையன்கள் சொன்னார்களாம். க்ரியோலில் சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு டிவி பார்க்கப் போனாள். கோயிலில் இந்த வருட நோட்டீஸ் பழையபடி பிரெஞ்சில் வந்தது.

நான் போகும்போதெல்லாம் ஒரு தாளில் படம் போட்டு விளக்குவேன். இது ஃபைல், இது வால், இது கடைக்காரர் போட்டது. செல்வென் அண்ணன் மரியாதையாகக் கேட்பார். கடைசியில் ஒன்றே ஒன்று சொல்வார்: "நாம டிஸ்க் போட்டோம். அடுத்து வேலைக்கு வந்தா சிவப்பு." நான், இல்லை அண்ணா, அதே நாள் காலையில் கடைக்காரர் வந்து என்று ஆரம்பித்தால், "நீ நல்லவன். என் சினேகிதன். அதனால சொல்றே" என்று முடித்துவிடுவார். பாரிஸ்காரர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள், அவ்வளவு தூரத்திலிருந்து கண்டுபிடித்தவர்கள். அவர்கள் பொய் சொல்ல என்ன காரணம் என்று கேட்டார். முசியே ஜெரார் கேட்காதது பெரிதில்லை, அவருக்கு உண்மை தெரியும். இவர் நம்பிவிட்டார். தான்தான் செய்தது என்று நம்பிவிட்டார்.

அதனால்தான் இந்த வருடம் ஒரு முடிவு செய்தேன். நான் பக்திமான் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சாந்த் குருவா கோயிலுக்குப் போவதுகூட அங்கே நாலு ஊர்க்காரர்களோடு தமிழ் பேசலாம் என்றுதான். ஆனால் கொடியேற்றத்தன்று அங்கே வரிசையில் நின்று காப்புக் கட்டிக்கொண்டேன். தரையில் படுத்தேன். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். என் படத்தை அவர் நம்பவில்லை. மஞ்சள் கயிற்றை நம்புவார் என்று கணக்குப் போட்டேன்.

7

ரிவியேர் தே ஸாங்கீயில் ஆற்றங்கரையிலிருந்துதான் காவடி கிளம்பும். காலையிலேயே வெயில் கொதித்தது. இளஞ்சிவப்பு வேட்டிகள், பூச்சுற்றிய காவடிகள், எலுமிச்சம்பழம், பால்செம்பு. ஒலிபெருக்கியில் "வேல் வேல்". நம் ஊர்க் கூட்டம்தான், ஆனால் கூட்டத்தில் எல்லோரும் க்ரியோலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செல்வென் அண்ணன் ஈர வேட்டியோடு நின்றிருந்தார். முதுகில் ஏற்கனவே சின்னச் சின்ன ஊசிகள் ஏறியிருந்தன. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைவிட என் மணிக்கட்டைப் பார்த்ததும்.

"தம்பி! நீயா! கறி இல்லாம? பத்து நாளா?"

"பத்து நாள்."

"இந்தியன் பையன் இப்பத்தான் தமிழன் ஆனான்!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் காவடி எதுக்கு தெரியுமா?" என்றார்.

"தெவினாவுக்கா?"

"மெஷினுக்கு. நான் கெடுத்தேன் இல்ல. முருகன்கிட்ட பார்தோன் கேக்கறேன்."

மன்னிப்பு. நான் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அண்ணா, இதைப் பாருங்க. காப்பு. இதை வச்சுக்கிட்டு நான் பொய் சொல்லமாட்டேன்ல? நீங்க கெடுக்கல. நம்ம டிஸ்க் எதையும் தொடல. முசியே ஜெராருக்கும் தெரியும். இதைச் சொல்லத்தான் கட்டிக்கிட்டேன்."

அவர் கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னை. படம் போட்டுக் காட்டியபோது ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அந்த நேரம் பூசாரி வந்து தோளில் கை வைத்து, திரும்பு என்றார். செல்வென் அண்ணன் கண்ணை மூடி நாக்கை நீட்டினார். அலகு ஏறியது.

அப்புறம் பேச்சு ஏது. காவடியைத் தூக்கினார்கள். நான் பக்கத்திலேயே நடந்தேன். தார் ரோடு உருகி ஒட்டியது. வீட்டு வாசல்களில் நின்றவர்கள் வாளித் தண்ணீரை ரோட்டில் ஊற்றிக் கொடுத்தார்கள். தெவினா அப்பாவின் மறுபக்கம் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். வழி முழுக்க அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். கோயில் வந்துவிடக்கூடாதே என்றும் இருந்தது, சீக்கிரம் வரவேண்டுமே என்றும் இருந்தது.

கோயிலில் பாலை ஊற்றி, அலகைப் பிடுங்கி, விபூதி வைத்தார்கள். பார்வதி அக்கா தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, நாக்குப் புரளாமல், மெதுவாக என்னிடம் கேட்டார்:

"இப்ப மெஷின் நல்லா இருக்கா, தம்பி? சிவப்பு போயிடுச்சா?"

வாயில் வந்துவிட்டது. போயிடுச்சு அண்ணா, சுத்தமா போயிடுச்சு. ஒரு வார்த்தைதான். தெவினாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இரண்டு பேர் மணிக்கட்டிலும் இன்னும் காப்பு அவிழ்க்கவில்லை. அவர் கண் என் முகத்தில் இல்லை, அந்தக் கயிற்றில்தான் இருந்தது.

"இன்னும் இருக்கு" என்றேன். "நேத்துக் காலையிலயும் சிவப்புதான். ஆனா அது உங்களால..."

அவர் தலையை ஆட்டினார். மீதியை அவர் கேட்கவில்லை. பந்தியில் இலை போட ஆரம்பித்திருந்தார்கள், காய்கறியில் செய்த ஏழு கறியின் மணம் வந்தது. என் தோளைத் தட்டிக்கொடுத்தார், எனக்குத்தான் ஆறுதல் தேவை என்பதுபோல.

"அப்ப அடுத்த வருஷமும் காவடி எடுக்கணும்" என்றார்.